சாம்பிராணிக்கு அனுமதி இல்லை

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்ட சவரிமுத்து மச்சான் ஒரு வார்த்தை சொன்னார். அதிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. பம்பாய் வாழ்க்கையைப் பற்றி எழுது, எழுது என்று ஊரிலிருந்து நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். கடலைப் பற்றியும் மின்சார ரயிலைப் பற்றியும் எழுதலாம் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இப்போது ஊறுகாயைப் பற்றி எழுதுகிறேன். எனக்கே சரியாகப் புரியாத விஷயம் இது. எழுதினால் புரியுமோ என்று ஒரு நப்பாசை.

மச்சான் என் மனைவியின் அண்ணன். மகனைக் கப்பல் வேலைக்கு ஏற்றிவிட வந்தவர், பூசை முடிந்து தாராவியில் எங்கள் கோலிக்கு வந்தார். கோலி என்றால் ஒற்றை அறை. அடுப்பு, படுக்கை, குளிக்கிற மூலை எல்லாம் அதற்குள்ளேதான். என் அக்கா செபஸ்தியம்மாள் சோறும் மீன் குழம்பும் வைத்தாள். கேட்காமலேயே ஓரத்தில் மாங்காய் ஊறுகாய் வைத்தாள். மச்சான் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துச் சப்பிப் பார்த்தார்.

"ஊறுகாய் நல்லாத்தான் இருக்கு மாப்ள. ஆனா செபஸ்தி மைனி கைப்பக்குவம் இல்லியே. கடையில வாங்குனதோ?"

கடையில் வாங்கியது இல்லை. கடைகளுக்குப் போட்டுக் கொடுப்பவளே அக்காதான். பாட்டிலில் அவள் பெயர்தான் அச்சடித்திருக்கிறது. இதை மச்சானுக்குச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா ரசத்தை ஊற்றிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். என் மகள் ரோஸ்லின் தட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மச்சான் சொன்னது சரி என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

2

ரோஸ்லின் கைக்குழந்தையாக இருந்தபோதே என் மனைவி காய்ச்சலில் போய்விட்டாள். அக்கா அதற்கு முன்பே புருஷனை இழந்தவள், பிள்ளை கிடையாது. "பிள்ள நடக்குற வரைக்கும் இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டு ரயில் ஏறி வந்தாள். பிள்ளை நடந்தது, ஓடியது, கான்வென்ட் பள்ளிக்கூடத்துக்கும் போக ஆரம்பித்தது. ஒவ்வொரு ஈஸ்டர் பண்டிகைக்கும் அக்கா டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைப்பாள்.

"தம்பி சோத்துல எத்தன காலத்துக்குத்தாம்லே உக்காந்து திங்கது? கொழுந்தன் வீட்டுக்கே போறேன்."

கொழுந்தன் வீட்டில் அவளுக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் தெருதான், உங்களுக்கே தெரியும். அவள் போய்விட்டால் இந்தக் கோலியில் நானும் ரோஸ்லினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வோம் என்பதும் எனக்குத் தெரியாது. நான் தோல் கிடங்கில் உப்பு அளந்து கொடுக்கிறவன். பகல் முழுக்க ஆட்டுத் தோலுக்கு உப்பு. வீட்டுக்கு வந்தால் பேசவும் தெரியாது, சமைக்கவும் தெரியாது.

அக்காவை இங்கே நிறுத்தி வைத்தது ஊறுகாய்தான். பக்கத்துக் கோலிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தாள். அவர்கள் காசு கொடுத்து இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். அப்புறம் மாதுங்காவில் இரண்டு மெஸ்காரர்கள் கேட்டார்கள், செம்பூரில் ஒரு கடை கேட்டது. சால் என்கிற எங்கள் கோலி வரிசைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து அடுப்பு போட்டோம். அந்த வருஷ ஈஸ்டருக்கு டிரங்குப் பெட்டி பரணிலிருந்து இறங்கவே இல்லை.

ஊரில் ஊறுகாய் போடுவது ஒரு பெரிய வித்தை கிடையாது. நம் பக்கத்தில் மற்ற எல்லாவற்றுக்கும் பஞ்சம், வெயிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. உப்பைப் போட்டு வெயிலில் வைத்தால் மீதியைச் சூரியன் பார்த்துக்கொள்ளும். பம்பாயில் மாங்காய் சல்லிசாகக் கிடைப்பது மே கடைசியில். ஜூன் பிறந்ததும் மழை பிடித்துக்கொள்ளும். பிடித்தால் நாலு மாதம் விடாது. சுவர் வேர்க்கும், செருப்பில் பச்சை படரும், தீப்பெட்டி உரசினால் பற்றாது. முதல் மழைக்காலத்தில் பாதி ஜாடி பூசணம் பிடித்துப் போனது. அக்கா அதைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தாள்.

3

இந்தச் சமயத்தில்தான் சேட் வந்தார். வடக்கே கட்ச் பக்கத்து ஆள், ஏற்றுமதிக்காரர். ஏடன், மொம்பாசா, லண்டன் என்று நம் ஆட்கள் போய் இறங்கிய ஊருக்கெல்லாம் அப்பளமும் ஊறுகாயும் அனுப்புகிறவர். அக்காவின் ஊறுகாயை மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுத் தேடிக்கொண்டு வந்தார். எல்லாம் பிடித்திருக்கிறது, ஆனால் கப்பலில் கெடாமல் போய்ச் சேர ஒரு பௌடர் கலக்க வேண்டும் என்றார். வெள்ளை வெளேரென்று இருந்தது. சோடியம் பென்சோயேட் என்று பெயர்.

எவ்வளவு போடுவது என்று கேட்டேன். அன்று ஆரம்பித்தது என் குழப்பம்.

நம் சர்க்கார், ஊறுகாயில் பௌடர் இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று வைத்திருக்கிறது. போட்டால் போட்டதாக லேபிளில் அச்சடிக்கவும் வேண்டும். சேட் அனுப்புகிற இன்னொரு தேசத்தில் அதைவிடக் குறைத்துத்தான் போட வேண்டும். மூன்றாவது ஒரு தேசத்தில் பழரசத்தில் போடலாம், ஊறுகாயில் கூடாது. நாலாவது தேசத்தில் இது வேண்டாம், கந்தகப் புகை காட்டியது என்றால் சம்மதம். எல்லாத் தேசத்துக்காரர்களும் ரோமாபுரியில் கூட்டம் போட்டு, உலகம் முழுவதற்கும் ஒரே அளவாக வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

"போப்பாண்டவருமா ஊறுகாயப் பத்திப் பேசுதாரு?" என்று கேட்டாள் அக்கா. கிண்டலா நிஜமா என்று அவள் முகத்தைப் பார்த்து ஒருநாளும் கண்டுபிடிக்க முடியாது.

போப்பாண்டவர் இல்லை, சர்க்கார் ஆட்களும் விஞ்ஞானிகளும் என்று சேட் விளக்கினார். அளவைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று சொல்வார்களாம். அக்கா தன் ஜாடிகளைத் திரும்பிப் பார்த்தாள். "பத்து லட்சம் பங்குக்கு நான் மாங்காய்க்கு எங்க போவேன்" என்றாள். நான் சிரித்தேன். ஆனால் எனக்கும் அந்தக் கணக்கு பிடிபடவில்லை. லண்டனில் இருக்கிறவனுக்கும் மொம்பாசாவில் இருக்கிறவனுக்கும் வயிறு ஒன்றுதானே? ஒருவனுக்கு ஒத்துக்கொள்வது இன்னொருவனுக்கு ஏன் ஒத்துக்கொள்ளாது? சேட்டிடம் கேட்டேன். அங்கெல்லாம் இதையே ஜாம், சர்பத் என்று பத்துப் பொருளில் சாப்பிடுகிறார்கள், எல்லாம் சேர்ந்து வயிற்றில் எவ்வளவு போகிறது என்று பார்ப்பார்கள் என்றார். அதுவும் சரியாகத்தான் பட்டது. எல்லோர் சொல்வதும் சரியாகப் படுவதுதான் என் கஷ்டமே.

அக்கா பௌடரைத் தொடவில்லை. பெயர் தெரியாததை ஊறுகாயில் போட மாட்டேன் என்றாள். அவளைச் சம்மதிக்க வைக்க சேட் ஒரு விஷயம் சொன்னார். இதன் அமிலத்தை முதன்முதலில் எடுத்ததே லோபானிலிருந்துதான். இப்போதுதான் தொழிற்சாலையில் வேறு வழியாகச் செய்கிறார்கள். "லோபான் ஹை, பெஹன், லோபான்." லோபான் என்றால் நம் சாம்பிராணி.

அக்கா முகம் தெளிந்துவிட்டது. "அத மொதல்லயே சொல்லுததுக்கு என்ன?"

சாம்பிராணி கோயிலில் தூபம் போடுவது, நம் வீடுகளில் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றினால் புகை காட்டுவது. ரோஸ்லினின் தலைமுடியை மழைக்காலத்தில் அக்கா வேறு எப்படிக் காய வைத்தாள்? அக்கா பௌடர் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டாள். நான் லேபிள் அச்சடிக்கக் கொடுத்தேன். 'அனுமதிக்கப்பட்ட பாதுகாப்புப் பொருள் கலந்தது' என்று இங்கிலீஷில் ஒரு வரி. அந்த மழைக்காலத்தில் ஒரு ஜாடியும் கெடவில்லை. பௌடரின் மகிமை என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

4

உணவு இன்ஸ்பெக்டர் மழைக்காலத்தில் கடையில் இரண்டு பாட்டில் எடுத்துப் போய்ச் சோதனைக்கு அனுப்பினார். கொஞ்ச நாள் கழித்து ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அளவுக்கு மேல் போய்விட்டதோ என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். கொட்டகையின் லைசென்ஸ் போனால் அக்காவின் டிரங்குப் பெட்டி பரணிலிருந்து இறங்கிவிடும்.

அங்கே இருந்த கிளார்க் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: ஒரு பாட்டிலில் பௌடர் கிடையவே கிடையாது. இன்னொன்றில் ஏதோ துளி வாசனை மாதிரி.

"இல்லையென்றால் நல்லதுதானே?" என்று கேட்டேன்.

போடாமல் இருக்கலாம், குற்றமில்லை. ஆனால் போட்டதாக எழுதிவிட்டுப் போடாமல் இருந்தால் அது பொய் லேபிள், குற்றம் என்றார். அவர் சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது. ரயிலைப் பிடித்து மாதுங்கா ரோடு ஸ்டேஷன் வருவதற்குள் புரியாமல் போய்விட்டது. கலப்படம் செய்து மாட்டிக்கொண்டவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். கலக்காமல் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரு சொன்னா போடலன்னு? ஒவ்வொரு ஜாடிக்கும் போட்டிருக்கேன். அவங்களுக்குப் பாக்கத் தெரியல."

மறுநாள் இன்ஸ்பெக்டரே கொட்டகைக்கு வந்தார். மராட்டிக்காரர், நல்ல மனிதர். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அக்காவுக்கு இத்தனை வருஷத்தில் வந்த இந்தி காய்கறி வாங்கத்தான் காணும். எனக்குக் கிடங்கு இந்தி, பாதி வசவு. ஆகவே ரோஸ்லின்தான் நடுவில் நின்று மொழிபெயர்த்தாள். அவள் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் இந்திதான். வீட்டில் பேசுகிற தமிழிலும் பாதி இந்தி. தமிழ் எழுத்தைக் கூட்டிக் கூட்டித்தான் வாசிப்பாள். அதற்காக நான் அவளை எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன். அன்று அவளைத்தான் நம்பி நின்றோம்.

எப்படிப் போடுகிறீர்கள் என்று அவர் கேட்டார். அக்கா வாயால் சொல்லவில்லை, செய்தே காட்டினாள். மண்சட்டியில் கங்கு எடுத்தாள். அதில் ஒரு பிடி சாம்பிராணியைத் தூவினாள். கழுவித் துடைத்த ஜாடியை அதன் மேல் கவிழ்த்துப் புகையைப் பிடித்தாள். ஊரில் ஜாடிக்குப் பெருங்காயப் புகை காட்டுவோமே, அதே மாதிரிதான், சரக்கு மட்டும் வேறு. புகை அடங்குவதற்குள் மாங்காயை உள்ளே தள்ளித் துணியால் கட்டினாள். பௌடர் டப்பா சீல் உடைக்காமல் அலமாரியில் இருந்தது.

நான் டப்பாவை எடுத்துச் சீலைத் தடவிப் பார்த்தேன்.

"நெசச் சாம்பிராணி கையில இருக்கும்போது பேக்டரிச் சாம்பிராணி எதுக்குலே?" என்றாள் என்னைப் பார்த்து.

கொட்டகை முழுக்கப் புகை. இன்ஸ்பெக்டர் இரண்டு தரம் தும்மினார். தன் வீட்டிலும் பிள்ளைகளுக்குக் குளிப்பாட்டினால் இப்படித்தான் என்று சிரித்தார். அப்புறம் பையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"அத்தை, லோபான் லிஸ்ட் மே நஹி" என்றாள் ரோஸ்லின். "பௌடர்தான் லிஸ்ட்ல இருக்கு. புகை போட்டா அது வேற தப்பு."

"பௌடரே இதுலருந்துதான வந்துச்சுன்னு சொல்லு."

ரோஸ்லின் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். வந்ததுதான், ஆனால் பௌடரில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அளந்து சொல்லலாம். புகையை யார் அளப்பது? ஒரு ஜாடியில் துளி ஏறியிருக்கிறது, ஒன்றில் ஒன்றுமே இல்லை. கூடவே கரியும் இன்னும் என்னென்னவோ ஏறியிருக்கும். மழைக்கு இந்த ஜாடிகள் தப்பியதும் புகையாலா, உப்பாலா, எண்ணெயாலா என்று யாருக்குத் தெரியும்?

எனக்கும் தெரியவில்லை. இன்று வரை தெரியவில்லை.

"அளக்க முடியலன்னா அது தப்பா?" என்று கேட்டாள் அக்கா.

அதை மட்டும் ரோஸ்லின் மொழிபெயர்க்கவில்லை.

கடைசியில் இன்ஸ்பெக்டர் வழி சொன்னார். இந்தத் தடவை எச்சரிக்கையோடு விட்டுவிட மேலே எழுதுவார். இனிமேல் பௌடரை அளந்து போட வேண்டும். அல்லது லேபிளில் அந்த வரியை எடுத்துவிட்டு எதுவுமே போடாமல் விற்க வேண்டும். எப்படியானாலும் ஊறுகாய்க்குப் புகை கூடாது. அதற்கு அக்கா வாக்குக் கொடுக்க வேண்டும். எதுவுமே போடாமல் விற்றால் அடுத்த மழைக்குக் குழி தோண்ட வேண்டியதுதான். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு பரண் இருக்கிற வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

"எங்கையால இனிமே ஊறுகாய்க்குப் புகை போட மாட்டேன், மாதா மேல சத்தியம். சொல்லு, ஏட்டி."

ரோஸ்லின் இந்தியில் சொன்னாள்.

5

அன்றிலிருந்து இது மூன்றாவது மழைக்காலம் வரப் போகிறது. லைசென்ஸ் அக்கா பெயரில் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது, சேசுவின் படத்துக்குப் பக்கத்தில். சேட் கொடுத்த சின்னத் தராசில் பௌடரை நிறுத்து, வெந்நீரில் கரைத்து, சரியாகக் கலக்குகிறாள். சோதனைக்குப் போன பாட்டில் எல்லாம் சரியாக வருகிறது. அக்கா எங்கேயும் போகவில்லை. நான் வேண்டியது எல்லாம் நடந்துவிட்டது.

ஒன்றே ஒன்றுதான். முன்பெல்லாம் ஒவ்வொரு ஜாடியிலிருந்தும் ஒரு துளி எடுத்துப் புறங்கையில் வைத்து நக்கிப் பார்ப்பாள். இப்போது பார்ப்பதில்லை. "ரோசு, வந்து நக்கிப் பாரு" என்று கூப்பிடுவாள். ரோஸ்லின் உப்பு கம்மி என்றால் உப்பு போடுவாள், காரம் ஜாஸ்தி என்றால் வெல்லம் போடுவாள். தான் மட்டும் தொட மாட்டாள். கஞ்சிக்கு வெங்காயத்தைக் கடித்துக்கொள்கிறாள். ஒருநாள் கேட்டுவிட்டேன், பௌடரைக் கண்டு பயமா என்று.

"பயம் என்னத்துக்கு? அது சர்க்கார் ஊறுகாய், நல்ல ஊறுகாய்தான். நான் போட்டதில்ல, அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்தது. பௌடர் மேல் குற்றம் சொல்ல முடியவில்லை. நானும் தினம் சாப்பிடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் மேலும் குற்றம் சொல்ல முடியவில்லை. ஊரான் பிள்ளை வாயில் போகிறதை அளந்து பார்க்கத்தானே அவர் இருக்கிறார். சேட் போன மாதம் வந்து, ஐரோப்பாவில் ஒரு தேசம் பௌடரே வேண்டாம் என்கிறது, ரோமாபுரியில் இன்னும் பேசி முடிக்கவில்லை என்றார். அக்கா கேட்டுக்கொண்டே மாங்காய் நறுக்கினாள்.

இப்படி இருக்கும்போதுதான் மச்சான் வந்து அந்த வார்த்தையைச் சொன்னார். சாப்பிட்டுவிட்டு அவர் மகனைப் பார்க்கப் போனார். மறுநாள் அவருக்கு ரயில். ஊருக்குக் கொடுத்துவிட அக்கா லேபிள் ஒட்டிய பாட்டில் ஒன்றைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ரோஸ்லின் எழுந்தாள். ஒரு சின்ன ஜாடியைக் கழுவித் துடைத்தாள். மண்சட்டியில் கங்கு எடுத்தாள். வீட்டில் செபம் சொல்லும் பீடத்துக்கு முன்னால் இருந்த சாம்பிராணியில் ஒரு பிடி எடுத்து அதில் தூவினாள்.

அக்கா பதறிப் போனாள். "ஏட்டி, என்ன செய்யுத? நான் வாக்குக் குடுத்திருக்கேன்லா?"

"நீதான் குடுத்த அத்தை. நான் டிரான்ஸ்லேட்தான் பண்ணேன்."

ரோஸ்லின் ஜாடியைக் கவிழ்த்துப் புகை பிடித்தாள். பௌடர் கலக்காமல் உப்பில் ஊறிக்கொண்டிருந்த மாங்காயில் மிளகாயும் காய்ச்சிய எண்ணெயும் சேர்த்து உள்ளே தள்ளினாள். கை அசைவு அப்படியே அக்காவுடையது. வீட்டுக்குப் போடுகிற ஊறுகாய்க்கும் அனுமதி வேண்டுமா என்று எனக்குத் தெரியாது. யாரிடமும் கேட்கவும் மாட்டேன்.

அப்புறம் ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். லேபிள் இல்லாமல் வைத்தால் அது வேறு தப்பாகிவிடுமாம். தமிழில்தான் எழுதுவேன் என்று பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினாள். நான் உதவிக்குப் போனபோது காகிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டாள். சோற்றுப் பருக்கையால் ஜாடியில் ஒட்டினாள். அக்கா குனிந்து வாசித்தாள்.

'அத்தை ஊருகாய். இதில் சாம்பிராணி புகை இருக்கு. அணுமதி இல்லை.'

அக்கா அதை இரண்டு தரம் வாசித்தாள். துணியை அவிழ்த்து, கரண்டிக் காம்பால் ஒரு துளி எடுத்துப் புறங்கையில் வைத்து நக்கினாள்.

"உப்பு கூடிப்போச்சு, ஏட்டி" என்று சொல்லிவிட்டு இன்னொரு துளி எடுத்தாள்.

அந்த ஜாடியை மச்சானோடு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. வீட்டுக்கு இருக்கட்டும் என்றாள். மச்சானிடம் லைசென்ஸ் பாட்டிலைத்தான் கொடுத்துவிட்டோம். இந்நேரம் உங்களில் சிலர் அதைச் சாப்பிட்டிருப்பீர்கள். நல்ல ஊறுகாய்தான், சர்க்கார் சம்மதித்தது, பயப்படாமல் சாப்பிடுங்கள். செபஸ்தி கைப்பக்குவம் போய்விட்டது என்று மச்சான் அங்கே யாரிடமாவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள்.